ரேடியோக்காரி

நாற்பத்தாறு வயதாகியும் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். வைத்தவள் அக்கா. மூன்றே வயது மூத்தவள், ஆனால் அந்த மூன்றை முப்பதாக நினைத்துக்கொண்டு அவனை நடத்தியவள். ஒருமுறை அவன் வேலை செய்யும் கம்பெனிக்குப் போன் போட்டு, “சின்னவன் இருக்கானா?” என்று கேட்டுவைத்தாள். அன்றிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்குகள் நடுவிலும் அவன் சின்னவன்தான். அக்கா போய்ப் பத்து மாதமாகிவிட்டது. பெயர் மட்டும் இருந்தது.

அத்தான் கூப்பிட்டபோது அவன் ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கதவுச் சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

“மாப்ளே, சனிக்கிழமை மத்தியானம் வேலை இருக்கா?”

“இருந்தாலும் மாத்திக்கலாம். என்ன அத்தான்?”

“நிலாப்படை படம் வந்திருக்கு. போவோமா?”

சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் சினிமாவுக்குப் போகிற ஆளே இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க ஊராருக்குப் பார்வையைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தன் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பார்.

“அது பொம்மைப் படம் அத்தான். சின்னப் பசங்க பாக்கறது.”

“உங்க அக்கா சொல்லிட்டுப் போயிருக்கா. வந்ததும் சின்னவனக் கூட்டிட்டுப் போங்கன்னு. டிக்கெட் எடுத்துட்டேன்.”

“சரி அத்தான், வரேன்,” என்றான்.

நிலாப்படை அவன் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பொம்மை. விரல் நீளம்தான் இருக்கும். கை, கால் மடங்கும், தலை திரும்பும். ஒரு பெட்டியில் ஏழு பேர். தளபதி, ஓட்டுநர், மருத்துவர், மெக்கானிக், சமையல்காரன், சுரங்கம் தோண்டுபவன். ஏழாவதாக ஒரே ஒரு பெண், காதில் ஹெட்போன் மாட்டிய ரேடியோக்காரி. கடைகளில் அது வருவது நின்று இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். இப்போது யாரோ கோடிகோடியாகக் கொட்டி அதைப் படமாக எடுத்து, போஸ்டர் ஒட்டி ஊரிலிருக்கிற சுவரையெல்லாம் நீலமாக்கிவிட்டார்கள்.

படத்தின் முதல் முன்னோட்டம் வந்தது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. கையில் ஊசியோடு, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு அதை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பார்ப்பாளாம். இதை அத்தான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அந்த நான்கு மாதத்தில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனது இரண்டே தடவை. எங்காவது ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிடும், அல்லது நின்றுவிட்டது என்று அவன் சொல்வான். உடம்பு சுருங்கிக் கிடந்த அக்காவைப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை. அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் தெரியவில்லை. போன் செய்யும்போதெல்லாம் அவளே, “வேலையைப் பாருடா, நான் எங்க ஓடிப் போகப் போறேன்” என்று சொல்லிவிடுவாள்.

சனிக்கிழமை தியேட்டர் வாசலில் கூட்டம் நெரிந்தது. சின்னவன் சுற்றிப் பார்த்தான். குழந்தைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தார்கள். மற்றதெல்லாம் வழுக்கையும் நரையும். தொப்பைமேல் தளபதியின் படம் இழுபட்டுத் தெரியும்படி பனியன் போட்ட ஒருவர், தன் வயசுக்காரர் இன்னொருவரின் தோளில் கைபோட்டு நின்றிருந்தார். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்து வந்த ஒரு பெண், ஆளுயர அட்டைப் பொம்மையின் பக்கத்தில் தனியாக நின்று, யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தாள். எல்லோர் முகத்திலும் ஒரு கூச்சம். திருடப் போகிற இடத்தில் தெரிந்தவரைப் பார்த்துவிட்டாற்போல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

டிக்கெட் சரிபார்க்கிற பெண்ணிடம் அத்தான் கேட்டார். “என்னம்மா, குழந்தைங்க படம்னாங்க?”

“நாங்களும் அப்படித்தான் சார் நெனச்சோம். குட்டி நாற்காலியெல்லாம் எறக்கி வெச்சோம். வர்றது பூரா மாமாவும் அத்தையும்தான்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “குழந்தைங்க வந்தா பாப்கார்னக் கொட்டும். இவங்க அழுதுட்டுப் போறாங்க. கூட்டறதுக்கு இது எவ்வளவோ தேவல.”

படம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. சுவரோரம் இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அத்தான் இரண்டு கோப்பை டீ வாங்கி வந்தார். அக்காவுக்கு வாங்கிய பழக்கத்தில், கேட்காமலே ஒன்றைச் சர்க்கரை இல்லாமல் வாங்கிவிட்டார். அதைச் சின்னவன் ஒன்றும் சொல்லாமல் குடித்தான்.

“அந்த ரேடியோக்காரியப் பாத்தா எனக்கு உன் ஞாபகம்தான் வரும் மாப்ளே,” என்றார் அத்தான்.

“என் ஞாபகமா?”

“அவ சொல்லியிருக்கா. கல்யாணமான புதுசுலேயே சொன்னா. உன்கிட்டக் கேக்கக் கூடாதுன்னும் சொன்னா, கூச்சப்படுவான், பாவம்னு. இப்ப கேட்டா என்ன, அவதான் இல்லையே.” அவர் டீயை ஊதிக்கொண்டார். “அவளோட பதினோராவது பொறந்த நாளைக்கு, உன் செட்டுல இருந்து அந்த ரேடியோக்காரிய எடுத்து, பேப்பர்ல சுத்தி, ஷூ கயித்தால கட்டிக் குடுத்தியாமே. வீட்டுல கேட்டப்ப, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி நீ அடி வாங்கிக்கிட்டியாமே.”

சின்னவன் கோப்பையைப் பெஞ்சில் வைத்தான்.

“இருபத்திரண்டு வருஷத்துல எத்தன தடவ சொல்லியிருப்பா தெரியுமா? நீ ஏதாச்சும் விசேஷத்துக்கு வரலன்னு நான் முணுமுணுத்தா போதும். ‘அவனப் பத்திப் பேசாதீங்க, எட்டு வயசுல ஏழு பொம்மையில ஒண்ண எடுத்து அக்காவுக்குக் குடுத்தவன் அவன்’னு சண்டைக்கு வந்துடுவா. ஆஸ்பத்திரியிலயும் அதான். சின்னவன் வந்து பாக்கலியேன்னு நான் கோபமாச் சொன்னேன். தப்பா நெனக்காதே, எனக்குக் கோபம் இருந்தது. அப்பவும் அந்தக் கதையத்தான் சொன்னா. மூச்சு வாங்குது, நிறுத்தி நிறுத்திச் சொல்றா. ‘அவன் மனசு எனக்குத் தெரியுங்க’ன்னா. அதுக்கப்புறம் எனக்கு உன்மேல ஒரு வருத்தமும் இல்ல மாப்ளே. சத்தியமா இல்ல.”

மணி அடித்தது. கூட்டம் உள்ளே நகர்ந்தது. அத்தான் அவன் முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.

நடந்தது வேறு.

அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு தடவை வந்தபோது அவனுக்கு நிலாப்படைப் பெட்டியும் அக்காவுக்கு ஒரு குடையும் வாங்கி வந்தார். “பெரிய பொண்ணுக்கு என்ன பொம்மை?” என்றார். பெரிய பெண்ணுக்குப் பதினோரு வயது. அவள் குடையை விரித்துப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், மடக்கி வைத்தாள். அன்று சாயங்காலம் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த ரேடியோக்காரியை மட்டும் தருகிறாயா என்று கேட்டாள். அவன் மாட்டேன் என்றான். சனிக்கிழமை மட்டும் என்றாள். அதற்கும் மாட்டேன் என்றான். உண்மையில் அந்தப் பெண் பொம்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. சண்டையில் அவளுக்கு வேலையே கிடையாது, பெட்டியிலேயேதான் கிடப்பாள். ஆனாலும் வைக்கோற்போர் நாய் மாதிரி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தான். தினமும் படுக்கப் போகுமுன் ஏழையும் எண்ணிப் பார்ப்பான்.

ஒருநாள் எண்ணியபோது ஆறுதான் இருந்தது. வீட்டைத் தலைகீழாக்கினான். அம்மா அக்காவின் பள்ளிக்கூடப் பையைக் கொட்டினாள். ஜியாமெட்ரி பெட்டிக்குள், காம்பஸுக்கும் அளவுகோலுக்கும் நடுவில், கைக்குட்டை போர்த்திப் படுத்திருந்தாள் ரேடியோக்காரி. அம்மா அக்காவை முதுகில் இரண்டு போட்டாள். அத்தோடு முடிந்திருக்கும். சின்னவனுக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள். மழைத்தண்ணீர் போகிற சாக்கடைக்கு மேல் இரும்புக் கம்பி போட்டிருந்தது. அவள் பார்க்கட்டும் என்று அவள் வரும்வரை நின்று, கம்பி இடைவெளியில் பொம்மையை விட்டான். பொத்தென்று ஒரு சின்னச் சத்தம்.

“எனக்கும் வேணாம், உனக்கும் வேணாம்,” என்றான்.

அக்கா அழவில்லை. உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தாள். கம்பிக்குள் குடையின் வளைந்த பிடியை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாள். பிடி தண்ணீர்வரைக்கும் எட்டவில்லை. அவன் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பசித்தது, உள்ளே போய்விட்டான்.

அதை அவன் மறக்கவில்லை. ஆனால் அவள் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவள் ஒருதரம்கூடச் சொல்லிக் காட்டியதில்லையே.

படத்தில் என்னென்னவோ வெடித்தது, பறந்தது. அவனுக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. பாதிப் படத்துக்குமேல், மற்ற ஆறு பேரும் நிலாவின் இருண்ட பக்கத்துக்குப் போய்விட, கூடாரத்தில் ரேடியோக்காரி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒரு காட்சி. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “கேக்குதா? நான் பேசறது கேக்குதா?” என்கிறாள். பதிலுக்கு இரைச்சல்தான் வருகிறது. அவள் மறுபடி கேட்கிறாள். தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். முன்வரிசையில் தளபதி பனியன்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்துகொண்டார். அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லாத ஒருவர் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை பெரியவர்கள் ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்காக இப்படி அழுவார்களா?

சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அத்தான் இருட்டில் கையை நீட்டி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். “நல்லவன்டா நீ,” என்றார் மெல்ல. “உன்ன மாதிரித் தம்பி யாருக்கு வாய்க்கும்?”

அவனுக்கு அந்தக் கை நெருப்புப் பட்டாற்போல இருந்தது.

வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. தியேட்டருக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்துமிடத்தில் நிழலாக ஒரு மூலை இருந்தது. அங்கே வைத்துச் சொல்லிவிட்டான். குடை, ஜியாமெட்ரி பெட்டி, சாக்கடைக் கம்பி, எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினாற்போல இருந்தது.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

“இத ஏன் மாப்ளே இப்ப எங்கிட்ட சொன்னே?”

“மனசு கேக்கல அத்தான். நீங்க என்ன நல்லவன்னு சொல்லச் சொல்ல…”

“உன் மனசு கேக்கல. சரி. இப்ப லேசா இருக்கா?”

அவன் வண்டிச் சாவியைக் கையில் உருட்டினான்.

“உனக்கு லேசாயிருக்கும். அத எங்க எறக்கி வெச்சிருக்க, பாத்தியா?” அத்தானின் குரல் உயரவே இல்லை. “புள்ளகுட்டி இல்லாத வீடுடா எங்களுது. அவ போனதுக்கப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு? அவ துணி கொஞ்சம், அவ சொன்ன கதை கொஞ்சம். பேச ஆள் இல்லாதப்ப ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துக்குவேன். அதுல இது பெரிய கதை. இனிமே அவ சொன்ன ஒவ்வொண்ணையும் இது நெஜமா பொய்யான்னு திருப்பித் திருப்பிப் பாக்கணும் நான். எங்கிட்டப் பொய் சொல்லத் தெரியாதவள்னு அவள நெனச்சிட்டிருந்தேன்.”

“அத்தான்…”

“நான் பஸ்ல போய்க்கறேன்.”

சின்னவன் வண்டியில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. தோள் ஒருபக்கமாகச் சாய, பஸ் நிறுத்தம் இருக்கிற திசைக்கு எதிர்த்திசையில் நடந்துபோய், கொஞ்ச தூரத்தில் நின்று, மறுபடி திரும்பி அவனைப் பார்க்காமலே அவனைக் கடந்து போனார்.

வீட்டில் அவன் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“உண்மையைச் சொல்றது தப்பா?” என்றான் அவன்.

“உங்க அக்கா உயிரோட இருக்கப்ப அவங்ககிட்டப் போய், ‘நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது’ன்னு சொல்லியிருந்தா, அது உண்மை. அந்த மனுஷன்கிட்டச் சொன்னது உங்க சௌகரியம்.” ஒரு சட்டையை உதறினாள். “பொம்மையத் தூக்கிப் போட்டப்பவும் உங்க ஆத்திரம்தான் பெரிசு. இப்பவும் உங்க பாரம்தான் பெரிசு.”

அவளுக்கு நாக்கில் கத்தி என்று அக்காவே சொல்வாள். ஆனால் அன்று அவள் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட அவனால் தள்ள முடியவில்லை.

அடுத்த இரண்டு வாரம் அத்தான் போனை எடுக்கவில்லை. சின்னவன் வேலைக்குப் போனான், வந்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு வயசாளியை வெளியே எடுத்தபோது, அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்லா இருக்கணும்ப்பா” என்றார். அவன் கையை உருவிக்கொண்டு ஓடாத குறையாக வந்துவிட்டான். மூன்றாவது வாரம் பொறுக்கமாட்டாமல் கண்ணாடிக் கடைக்கே போய் நின்றான்.

அத்தான் ஒரு கிழவிக்குக் கண்ணாடிச் சட்டத்தைக் காது மடலில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்துவிட்டு, உட்கார் என்று நாற்காலியைக் காட்டினார். கிழவி போனதும் கைகழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது. இளைத்திருந்தார்.

“அந்தப் படத்த இன்னும் ரெண்டு தடவ பாத்தேன்,” என்றார். “மொதத் தடவ உம்மேல கோபமாப் பாத்தேன். ரெண்டாவது தடவ அவமேல கோபம். என்ன ஏன் நீ ஏமாத்தினேன்னு படம் பூரா அவகிட்டச் சண்ட போட்டேன். பக்கத்துல இருந்தவர் என்னப் பயந்து பயந்து பாத்தார்.”

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்புறம் யோசிச்சேன். அவளுக்கு வேணும்கிறது பொம்மையா? பதினோரு வயசுல வேணா அப்படி இருந்திருக்கும். அதுக்கப்புறம் அவளுக்கு வேண்டியிருந்தது, அதக் குடுக்கற தம்பி. கெடைக்கல. சரின்னு அவளே ஒருத்தனச் செஞ்சுக்கிட்டா. இருபத்திரண்டு வருஷம் அந்தத் தம்பிய மனசுல வெச்சுக் காப்பாத்தியிருக்கா. சாகற வரைக்கும் அவன விட்டுக் குடுக்கல. இப்ப நான் போய் அவன இல்லன்னு சொல்லறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு?”

அவர் மேஜைமேல் இருந்த அளவுகோலை நேராக்கி வைத்தார்.

“அதனால கேட்டுக்க. வெளிய நீ என்னவா வேணா இரு. என் வீட்டுல நீ பொம்மையக் குடுத்தவன்தான். இனிமே அங்க வந்து வேற மாதிரிப் பேசக் கூடாது.”

“நான் அதுக்குத் தகுதியில்ல அத்தான்.”

“தெரியும்,” என்றார் அவர். “ஞாயித்துக்கிழமை வா.”

சின்னவன் போனான். அடுத்த ஞாயிறும் போனான். அத்தான் டீ போடுவார். இருவரும் சமையலறை மேஜையில் உட்காருவார்கள். அவர் அக்காவைப் பற்றிப் பேசுவார், அவன் கேட்பான். அவள் சொன்ன கதைகள் இன்னும் நிறைய இருந்தன. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். அவளைக் கேலி செய்த ஒருவனின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டானாம். அவள் கல்யாணத்தன்று யாருக்கும் தெரியாமல் குளியலறையில் நின்று அழுதானாம்.

கல்யாணத்தன்று அழுதது நடந்ததுதான். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. சைக்கிள் விஷயம் நடந்திருக்கலாம். காய்ச்சலைப் பற்றி எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ஒருவேளை உண்மையிலேயே உட்கார்ந்திருந்தானோ? ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டதுபோல ஒரு ஞாபகம் வரும், வந்ததும் அது அத்தான் சொன்னதைக் கேட்டுத் தானே கற்பனை செய்துகொண்டதோ என்று தோன்றும்.

“இது நடந்துச்சா மாப்ளே?” என்று ஒருநாள் அத்தானே வாய்தவறிக் கேட்டுவிட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியல அத்தான்,” என்றான் சின்னவன். “அவளத்தான் கேக்கணும்.”

அத்தான் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு ஆறிப்போயிருந்த டீயைச் சூடாக்க எழுந்தார்.